ராபர்ட் கெயர்

ராபர்ட் கெயர் (1839 – 1927) ஸ்காட்லாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த காகிதப் பொருள் உற்பத்தியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். அட்டைத் தாள் ஒன்றை ஒரே அழுத்தத்தில் வெட்டவும், அதே அழுத்தத்தில் அதன்மேல் மடிப்புத் தடங்களைப் பதிக்கவும் வல்ல முறையை இவர் 1879 ஆம் ஆண்டில் உருவாக்கினார். தட்டையாக அடுக்கி அனுப்பி, தேவைப்படும் இடத்தில் நிமிர்த்திப் பெட்டியாக்கிக் கொள்ளும் மடக்கு அட்டைப்பெட்டி இதன் பயனாகப் பெருந்தொகையில் செய்யப்படலாயிற்று. பற்பசை, மாத்திரை, தேயிலை முதலியன அடைத்து வரும் மெல்லிய பெட்டிகளும், கண்ணாடிப் பொருட்களையும் மின்கருவிகளையும் அசையாமல் பிடித்துக்கொள்ளும் நெளி அட்டைத் தாங்கிகளும் இம்முறையின் வழிவந்தவையே.

இளமை

கெயர் 1839 இல் எடின்பரோ நகரில் பிறந்தார். தமது 14 ஆம் வயதில், 1853 இல், அமெரிக்கா வந்து நியூயார்க் நகரில் குடியேறினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 இல் மூண்டபோது வட மாநிலங்களின் படையில் சேர்ந்து கேப்டன் பதவி வரை உயர்ந்தார். போர் முடியுமுன்பே, 1864 இல், மன்ஹாட்டனின் ரீட் தெருவில் காகிதப் பொருள் தொழிலைத் தொடங்கினார்.

இத்தொழிலைத் தேர்ந்தெடுத்ததற்கு அக்காலச் சூழலே காரணம் எனலாம். மாவு, தானியம், விதை போன்றவை அதுவரை பருத்தித் துணிப் பைகளில் விற்கப்பட்டு வந்தன. பருத்தி விளைந்ததோ போரில் எதிர்த்தரப்பாக நின்ற தென் மாநிலங்களில். போரினால் பருத்தி வரத்து அருகியதும் துணிப்பையின் விலை ஏறியது. வணிகர்கள் காகிதப் பைக்கு மாறினர். போர் முடிந்து பருத்தி மீண்டும் வந்த பின்னரும் காகிதப் பைக்கான தேவை குறையவில்லை. மார்கரெட் நைட் என்ற பெண்மணி தட்டையான அடிப்பாகம் கொண்ட காகிதப் பையைச் செய்யும் இயந்திரத்துக்கு 1871 இல் காப்புரிமை பெற்றதும் இக்காலத்தில்தான். கெயர் பைகளைச் செய்ததோடு நில்லாமல், அவற்றின்மேல் விற்பனையாளரின் பெயரையும் படங்களையும் அச்சிட்டும் கொடுத்தார். ஆகவே அவருடைய தொழிற்கூடத்தில் அச்சு இயந்திரமும் மடிப்புக் கருவிகளும் அருகருகே இருந்தன. பின்னர் நிகழ்ந்ததற்கு இதுவே அடிப்படை.

முந்தைய அட்டைப்பெட்டிகள்

அட்டைப்பெட்டியைக் கெயர்தான் முதன்முதலில் கண்டுபிடித்தார் என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியன்று. நகை, மருந்து, தொப்பி முதலியவற்றுக்கான அட்டைப்பெட்டிகள் அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் டென்னிசன் குடும்பத்தினர் 1844 இல் நகைப்பெட்டி செய்யத் தொடங்கிவிட்டனர்.

ஆனால் அப்பெட்டிகள் கையால் செய்யப்பட்டவை. தடித்த அட்டையை அளவாக நறுக்கி, மடிக்க வேண்டிய இடத்தில் கத்தியால் பாதித் தடிமன் வரை கீறுவர். நான்கு மூலைகளிலும் சதுரத் துண்டுகளை வெட்டி நீக்குவர். பின்னர் பக்கங்களை நிமிர்த்தி, மூலைகளில் காகிதப் பட்டையையோ துணியையோ பசை தடவி ஒட்டுவர். இவ்வாறு செய்த பெட்டி உறுதியானது, அழகானதுங்கூட. விலையுயர்ந்த பொருட்களுக்கு இவ்வகை இன்றும் பயன்படுகிறது. அதன் குறை வேறு இடத்தில் இருந்தது. ஒட்டி முடித்த பெட்டியை மீண்டும் தட்டையாக்க இயலாது. வெறும் பெட்டிகளை வாங்கும் வணிகர் உண்மையில் காற்றுக்கே வண்டிக்கூலி கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றை வைக்க அறை ஒன்றையும் ஒதுக்க வேண்டியிருந்தது. சில காசு பெறும் பிஸ்கட்டுக்கோ தேயிலைக்கோ இந்தச் செலவு கட்டுப்படியாகாது. எனவே அவை பீப்பாய்களில் வந்து, கடையில் அளந்து பொட்டலம் கட்டப்பட்டன.

1879 ஆம் ஆண்டு நிகழ்ச்சி

கெயரின் தொழிற்கூடத்தில் விதைப் பைகள் அச்சிடப்பட்டுக் கொண்டிருந்தன. பையில் மடிப்பு விழ வேண்டிய இடத்தில் தடம் பதிப்பதற்காக அச்சு இயந்திரத்தில் உலோகத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அத்தகடு இருக்க வேண்டிய நிலையிலிருந்து மாறி, சற்று உயர்ந்து நின்றுவிட்டது. இயந்திரத்தை இயக்கியவர் அதைக் கவனிக்கவில்லை. கவனிப்பதற்குள், தடம் பதிய வேண்டிய இடத்தில் காகிதம் வெட்டுப்பட்டு, ஆயிரக்கணக்கான பைகள் வீணாயின. அந்த இயந்திரப் பணியாளரின் பெயர் பரவலாக அறியப்படவில்லை.

பாழான பைகளைப் பார்த்த கெயருக்கு வேறொரு எண்ணம் தோன்றியது. தகடு சிறிது உயர்ந்தால் வெட்டுகிறது, சிறிது தாழ்ந்தால் மடிப்புத் தடம் மட்டும் விழுகிறது என்றால், இரண்டு உயரங்களில் தகடுகளை ஒரே சட்டத்தில் பொருத்தி இரண்டு வேலைகளையும் ஒரே அழுத்தத்தில் முடிக்கலாம் அல்லவா? பழைய அச்சு இயந்திரம் ஒன்றை 30 டாலருக்கு வாங்கி இதனைச் செய்து பார்த்தார். அந்த இயந்திரம் ஒரு மணி நேரத்தில் 750 தாள்களை அழுத்தியது. ஒவ்வொரு தாளிலும் 10 பெட்டிகளுக்கான வடிவங்கள் இருந்தன. அதாவது மணிக்கு 7,500 பெட்டிகள்.

இந்நிகழ்ச்சியைத் தற்செயலான கண்டுபிடிப்புகளின் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். தகடு நழுவியது தற்செயல் என்பது உண்மையே. ஆயினும் அச்சுக்கூடங்களில் தகடுகள் அதற்கு முன்னும் நழுவியிருக்கும், தாள்கள் பாழாகியிருக்கும். காகிதத்தை மடிப்பதிலும் அச்சிடுவதிலும் 15 ஆண்டுகள் பழகிய ஒருவர் கண்ணில் அது பட்டதே இங்கு வேறுபாடு.

முறையின் இயக்கம்

கெயரின் முறை மிகச் சிறிய உயர வேறுபாட்டைச் சார்ந்தது. இதனைப் புரிந்துகொள்ள இன்றைய அளவுகளைக் கொண்டு பார்ப்பது எளிது. அச்சு எழுத்தின் உயரம் அமெரிக்காவில் 0.918 அங்குலம், அதாவது ஏறத்தாழ 23.3 மில்லிமீட்டர். பெட்டி வெட்டும் கூரிய தகட்டின் வழக்கமான உயரம் 0.937 அங்குலம், ஏறத்தாழ 23.8 மில்லிமீட்டர். மடிப்புத் தகட்டின் முனை மழுங்கலாக இருக்கும். அதன் உயரம், வெட்டுத் தகட்டின் உயரத்திலிருந்து அட்டையின் தடிமனைக் கழித்தால் வருவது. 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டைக்கு மடிப்புத் தகடு ஏறத்தாழ 23.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இந்த வேறுபாட்டில்தான் வெட்டும் மடிப்பும் பிரிகின்றன. தகடுகளை வரிசையாகப் பொருத்திய சட்டத்தைத் தொழிலில் டை என்பர்.

மடிப்புத் தகடு அட்டையை அழுத்தும் இடத்தில், அடிப்பக்கத்தில் ஒரு நீளமான பள்ளம் அமைக்கப்படுகிறது. தகடு அட்டையை அப்பள்ளத்துக்குள் தள்ளும்போது, அட்டையின் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும் படலங்கள் அந்த ஒரு கோட்டில் மட்டும் ஒன்றை விட்டு ஒன்று பிரிகின்றன. மேற்புறத்தில் பள்ளமும் கீழ்ப்புறத்தில் மெல்லிய புடைப்பும் உண்டாகின்றன. பின்னர் மடிக்கும்போது, பிரிந்த படலங்கள் புடைப்பின் பக்கமாக உள்ளே சுருண்டுகொள்வதால் வெளிப்புறத் தாள் இழுபட்டுக் கிழிவதில்லை. பழைய முறையில் கத்தி அட்டையைப் பாதி வெட்டியது. கெயரின் முறையில் அட்டை வெட்டப்படாமலேயே வளையக் கற்றுக்கொள்கிறது. பற்பசைப் பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்தால், மடிப்புகளின் உட்புறத்தில் இப்புடைப்பை விரலால் தடவி உணரலாம்.

பள்ளத்தின் அகலத்தில்தான் வேலையின் நுட்பம் உள்ளது. தகட்டின் தடிமனோடு அட்டைத் தடிமனின் ஒன்றரை மடங்கைக் கூட்டிக்கொள்வது பொதுவான கணக்கு. 0.71 மில்லிமீட்டர் தகடும் 0.4 மில்லிமீட்டர் அட்டையும் எனில் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர். பள்ளம் இதனினும் குறுகினால் அட்டை வெடிக்கும். மிக அகன்றால் மடிப்பு எங்கு விழும் என்று சொல்ல இயலாது. பெட்டி கோணலாக நிற்கும். காகித நார்கள் தாள் செய்யும்போது இயந்திரம் ஓடிய திசையிலேயே பெரும்பாலும் படிந்திருக்கும். ஆதலால் நாரோட்டத்துக்குக் குறுக்கே விழும் மடிப்பும் நாரோட்டத்தின் வழியே விழும் மடிப்பும் ஒரே தன்மையுடையன அல்ல. இரண்டுக்கும் பள்ளத்தின் அகலத்தைச் சற்று மாற்றிக்கொள்வதும் உண்டு.

வணிகம்

ஒரே டையிலிருந்து வரும் பெட்டிகள் அனைத்தும் ஒரே அளவின. இவ்வியல்பு விலைக் குறைவைப் போலவே முக்கியமானது. கெயரின் தொடக்ககால வாடிக்கையாளர்களுள் லோரிலார்டு புகையிலை நிறுவனம், கோல்கேட், பாண்ட்ஸ் ஆகியன குறிப்பிடப்படுகின்றன. பெட்டியை விரித்த நிலையிலேயே அச்சிட முடிந்ததால், நிறுவனத்தின் பெயரும் சின்னமும் எல்லாப் பக்கங்களிலும் இடம்பெற்றன. கடைக்காரர் சொல்லி வாங்கும் பொருள் என்ற நிலை மாறி, பெட்டியைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் பொருள் என்ற நிலை உருவானது.

இம்மாற்றத்தின் பெரிய எடுத்துக்காட்டு பிஸ்கட் ஆகும். பல பேக்கரி நிறுவனங்கள் இணைந்து 1898 இல் நேஷனல் பிஸ்கட் கம்பெனி உருவானது. அதுவரை பீப்பாயில் கிடந்து நமுத்துப்போன பிஸ்கட்டை, மெழுகுத்தாள் உறையுடன் கூடிய மடக்கு அட்டைப்பெட்டியில் அடைத்து, யுனீடா என்ற பெயரில் அந்நிறுவனம் நாடெங்கும் விற்றது. அப்பெயரைக் கெயரின் மகன் பேச்சுவாக்கில் சொன்னார் என்றொரு கதை உலவுகிறது. எனினும் விளம்பரத் துறை வரலாற்றில் அது ஏயர் விளம்பர நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி மெக்கின்னி வைத்த பெயராகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. கெயரின் வரலாற்றைச் சுற்றி இத்தகைய கதைகள் சில படிந்துள்ளன. அவற்றைத் தனியே பிரித்துப் பார்ப்பது நல்லது.

நெளி அட்டை

நெளி அட்டை கெயரின் கண்டுபிடிப்பு அன்று. காகிதத்தைக் கொசுவம்போல் நெளித்து உயரமான தொப்பிகளின் உட்புறத்தில் வைக்கும் முறைக்கு ஹீலி, ஆலன் என்னும் இருவர் இங்கிலாந்தில் 1856 இல் காப்புரிமை பெற்றனர். அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் 1871 இல், கண்ணாடிக் குப்பிகளையும் விளக்குச் சிமினிகளையும் சுற்றிப் பாதுகாக்க நெளி காகிதத்தைப் பயன்படுத்தினார். நெளிவுகள் விரிந்துபோகாமலிருக்க ஆலிவர் லாங் 1874 இல் அதன்மேல் தட்டைத் தாளை ஒட்டினார். இருபுறமும் தாள் ஒட்டியபோது, நெளி அட்டை பெட்டி செய்யும் அளவுக்கு விறைப்புப் பெற்றது. அத்தகைய அட்டையை வெட்டி மடிக்கும் வழியைக் கெயரின் முறை ஏற்கெனவே காட்டியிருந்தது. அவருடைய நிறுவனமும் இத்துறையில் இறங்கியது.

மரப்பெட்டியின் இடத்தை நெளி அட்டைப்பெட்டி பிடிப்பது எளிதாக நடந்துவிடவில்லை. இரயில் நிறுவனங்கள் அட்டைப்பெட்டியில் அனுப்பும் சரக்குக்கு, மரப்பெட்டியில் அனுப்புவதைவிடக் கூடுதல் கட்டணம் விதித்தன. பிரிடாம் வழக்கு எனப்படும் வழக்கில், மாநிலங்களுக்கிடையேயான வணிக ஆணையம் 1914 இல் இவ்வேறுபாடு முறையற்றது என்று முடிவு செய்த பின்னரே வழி திறந்தது.

மெல்லிய அட்டைக்கும் நெளி அட்டைக்கும் மடிப்பில் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. நெளி அட்டையின் உட்பகுதி வெற்றிடம் நிறைந்தது. மடிப்புத் தகடு அங்கே படலங்களைப் பிரிப்பதில்லை, நெளிவுகளை நசுக்குகிறது. நெளிவுகளுக்குக் குறுக்கே செல்லும் மடிப்பு, பல நெளிவுகளை ஒரே கோட்டில் நசுக்குவதால் நேராக விழும். நெளிவுகளுக்கு இணையாகச் செல்லும் மடிப்போ, தகடு நெளிவின் முகட்டில் விழுந்ததா பள்ளத்தில் விழுந்ததா என்பதைப் பொறுத்துப் பக்கவாட்டில் நழுவும். பி வகை நெளி அட்டையில் ஓர் அடிக்கு ஏறத்தாழ 47 நெளிவுகள் உள்ளன. ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் இடையே 6.5 மில்லிமீட்டர் என்னும்போது, நழுவல் எவ்வளவு தொல்லை தரும் என்பதை ஊகிக்கலாம். எனவே அளவு துல்லியமாக அமைய வேண்டிய மடிப்புகளை நெளிவுகளுக்குக் குறுக்கே வருமாறு அமைப்பது நல்ல வடிவமைப்பாகக் கருதப்படுகிறது. இணையாகவே மடிக்க வேண்டுமாயின் அகன்ற தகட்டைப் பயன்படுத்துவர். அல்லது மடிப்புக் கோட்டில் இடையிட்டு வெட்டுகளைச் சேர்ப்பர்.

பெட்டிக்குள் பொருளைத் தாங்கும் அட்டைகளில் இது இன்னும் கடுமையாகிறது. அவை இரு பக்கமும் பொருந்த வேண்டியவை. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள நெளி அட்டையை இருபுறமும் நிமிர்த்தி, 300 மில்லிமீட்டர் உள்ளளவு கொண்ட பெட்டிக்குள் வைப்பதாகக் கொள்வோம். மடிப்புக் கோடுகளுக்கு இடையே 300 மில்லிமீட்டர் வைத்து வரைந்தால் தாங்கி உள்ளே நுழையாது. மடித்தபின் ஒவ்வொரு பக்கத்திலும் அரைத் தடிமன் வெளியே நிற்பதால் மொத்த அகலம் 303 ஆகிவிடும். 297 என்று வரைய வேண்டும். காகிதத்தில் வரைந்து பழகியவர்கள் முதலில் செய்யும் பிழை இதுவே. ஒன்றையொன்று குறுக்காகக் கோத்துக் கட்டங்களாக்கும் தடுப்புகளில், வெட்டுப் பிளவின் அகலம் அட்டையின் தடிமனுக்கு ஒத்திருக்க வேண்டும். குறைந்தால் கோக்கும்போதே அட்டை நசுங்கும், கூடினால் குப்பிகள் ஆடும்.

புரூக்ளினில்

ரீட் தெருவில் இடம் போதாமையால், காப்பி வணிகர் ஜான் ஆர்பக்கிள் கொடுத்த ஆலோசனையின் பேரில் கெயர் 1888 இல் ஈஸ்ட் ஆற்றுக்கு மறுகரையிலுள்ள புரூக்ளினுக்குத் தம் தொழிற்சாலையை மாற்றினார். ஆற்றங்கரையில் படகுத்துறையும் இரயில் இணைப்பும் அண்மையில் இருந்தன. அடுத்த கால் நூற்றாண்டில் அப்பகுதியில் அடுத்தடுத்துக் கட்டடங்களை எழுப்பினார். மக்கள் அவ்வட்டாரத்தைக் கெயர்வில் என்றே அழைக்கலாயினர்.

காகிதக் கிடங்குக்குத் தீயே முதற்பகை. மரத் தளங்களைக் கொண்ட பழைய ஆலைகளில் காகிதமும் எண்ணெய் மையும் சேர்ந்திருப்பது ஆபத்தானது. கெயர் அப்போது புதியதாயிருந்த வலுவூட்டிய கான்கிரீட்டை நம்பினார். வாஷிங்டன் தெருவில் 1904 இல் டர்னர் நிறுவனம் அவருக்காகக் கட்டிய கட்டடம், அந்நாளில் அமெரிக்காவில் எழுந்த பெரிய கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்று. டர்னர் நிறுவனம் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தகைய புதியவரிடம் பெரும் பணியை ஒப்படைத்தது துணிவான முடிவே. கட்டடக் கலைஞர் வில்லியம் ஹிகின்சன் வடிவமைத்த, மணிக்கூண்டுடன் கூடிய 16 மாடிக் கட்டடம் 1914 இல் மெயின் தெருவில் எழுந்தது.

இறுதிக் காலமும் பின்னரும்

கெயரின் நிறுவனம் 1920 இல் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள பியர்மாண்ட் என்னும் ஊரிலிருந்த காகித ஆலையை வாங்கியது. அட்டையையும் தானே செய்துகொள்வது அதன் நோக்கம். அந்தப் பத்தாண்டிலேயே புரூக்ளினிலிருந்து உற்பத்தி படிப்படியாக வெளியேறியது. கெயர் 1927 இல் காலமானார். அவரைப் பற்றி எச். ஆலன் ஸ்மித் எழுதிய நூல் 1939 இல் வெளியானது.

கெயரின் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1956 இல் கான்டினென்டல் கேன் நிறுவனத்துடன் இணைந்து மறைந்தது. புரூக்ளின் ஆலைக் கட்டடங்கள் நெடுங்காலம் கிடங்குகளாக இருந்தன. பின்னர் ஓவியர்கள் குடியேறினர். மணிக்கூண்டுக் கட்டடம் 1990களின் இறுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றப்பட்டது. இப்போது டம்போ எனப்படும் அவ்வட்டாரம், கெயரின் கட்டடங்கள் பலவற்றையும் உள்ளடக்கி, 2007 இல் நியூயார்க் நகரின் வரலாற்றுச் சிறப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.